கனவு நாட்டின் கோடுகள்

நூலில் இடம்பெறும் படம் கதைக்கு அணி செய்யவே வருகிறது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆல்பிரட் கூபின் எழுதிய ‘மறுபக்கம்’ என்னும் ஜெர்மன் புதினம் அவ்வெண்ணத்தை அசைத்துவிடுகிறது. 1909-இல் மியூனிக் நகரில் வெளிவந்த அந்நூலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரே.

கூபின் 1877-இல் பொகீமியாவில் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்தார். தந்தையோடு நெடுங்காலம் பிணக்கு. பின்னரே உறவு சீராயிற்று. 1907-இல் அத்தந்தையும் மறைந்தார். அடுத்த ஆண்டு வரைய அமர்ந்தபோது ஒரு கோடும் கூடிவரவில்லை. ஏதேனும் செய்தாக வேண்டுமென்றே அவர் எழுதத் தொடங்கினார். பன்னிரண்டு வாரங்களில் புதினம் முடிந்தது. அடுத்த நான்கு வாரங்களில் படங்களும் பிறந்தன.

கதையில் வரும் ஓவியர், பள்ளித்தோழன் பட்டேரா மத்திய ஆசியாவில் நிறுவிய கனவு நாட்டிற்கு மனைவியுடன் செல்கிறார். அங்கே கதிரவன் தென்படுவதில்லை. ஐரோப்பாவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த பழைய வீடுகள், பழைய உடைகள், புதியதெதற்கும் இடமில்லை. மனைவி மடிகிறாள், விலங்குகள் நகரினுள் புகுகின்றன, யாவும் உளுத்துச் சரிகின்றன. இத்தனையையும் கதைசொல்லி பெரும்பாலும் நிதானமாகவே எடுத்துரைக்கிறார். படங்களில் அந்நிதானம் இல்லை. நெருங்கிய பேனாக் கோடுகள் சுவரையும் வானையும் மனிதரையும் ஒரே இருளாகப் பின்னிவிடுகின்றன. சொல் மறைத்த அச்சத்தைக் கோடு காட்டிக்கொடுக்கிறது.

குருமடத்தில் இலத்தீன் பயின்ற நமக்குப் ‘பட்டேரா’ என்னும் பெயரில் ‘பாத்தெர்’, அதாவது தந்தை என்னும் சொல் கேளாமற் போகாது. நாட்டையே ஆளும் அவன் எளிதில் காணக் கிடையாதவன். கண்டாலும் அவன் முகம் எண்ணற்ற முகங்களாக மாறிக்கொண்டேயிருக்கிறது. மறைந்த தந்தையை மகன் தேடும் கதையாகவே இதை நாம் படிக்கிறோம்.

படைத்தவனே இருமை கொண்டவன் என்ற முடிவுக்குப் புதினம் வந்து சேர்கிறது. புனித அகுஸ்தீனார் ஒன்பது ஆண்டுகள் உழன்ற மணிக்கேய வழிக்கு அது வெகு தொலைவில் இல்லை. அதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் துயருற்ற ஒரு மனம் கடவுளை எவ்வாறு காணக்கூடும் என்பதை இப்படங்கள் ஒளிக்காமல் சொல்கின்றன. ஆறுதல் கூறச் செல்வோர் அதை அறிந்திருத்தல் நன்று.

மீமெய்யியலாரின் முதல் அறிக்கை பாரீசில் வெளிவந்தது 1924-இல்தான். அதற்கு முன்பே, 1913-இல், தாஸ்தாயேவ்ஸ்கியின் ‘இரட்டையன்’ புதினத்திற்கும் கூபின் படம் வரைந்தார். தன்னைப் போன்றே இருக்கும் ஒருவனைக் கண்டு மனம் சிதறும் அரசு ஊழியரின் கதை அது.