பாட்டுப்புத்தகத்தைத் தூக்கிப் போடாதவர்

‘நாடோடி மன்னன்’ பாதியிலிருந்து கலர் படம் என்று பாட்டி சொன்னபோது நான் நம்பவில்லை. பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாக்கின்மேல் உட்கார்ந்து பார்த்தார்களாம். “கறுப்பு வெள்ளையா ஓடிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு கலரு. எல்லாரும் கத்திட்டோம்டா” என்றார். வயதாகிவிட்டது, இரண்டு படங்களைக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

தேடிப் பார்த்தால் பாட்டி சொன்னதுதான் சரி. 1958 ஆகஸ்ட் 22-இல் வெளியான அந்தப் படத்தின் பிற்பகுதி வண்ணத்தில் எடுக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய படம். தேடிய இடத்தில் இன்னொரு பெயரும் தட்டுப்பட்டது: பிலிம் நியூஸ் ஆனந்தன்.

‘பிலிம் நியூஸ்’ அவர் புகைப்படம் எடுத்துக்கொடுத்த சினிமாப் பத்திரிகை. பத்திரிகையின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘நாடோடி மன்னன்’ தயாரான சமயம், பத்திரிகைகளுக்குப் போகவேண்டிய படங்களைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். கொடுத்தார். அதுவரை தமிழ் சினிமாவில் அதற்கென்று தனி ஆள் கிடையாது. தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று அவரைச் சொல்வது அதனால்தான்.

மக்கள் தொடர்பாளரின் வேலை படம் ஓடும்வரைதான். படம் தியேட்டரை விட்டுப் போனதும் ஸ்டில், நோட்டீஸ், பாட்டுப்புத்தகம் எல்லாம் குப்பை. ஆனந்தனுக்குள் இருந்த பத்திரிகைக்காரர் அதைக் குப்பையாகப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை எடுத்து வைத்தார். யார் நடித்தார்கள், யார் எடுத்தார்கள், எந்தத் தேதியில் வந்தது என்று எழுதியும் வைத்தார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். படச்சுருள் அழிந்த பிறகு மிஞ்சுவது விளம்பரத்துக்காக அச்சடித்த காகிதம் மட்டும். கதையைப் பாதி சொல்லி, மிச்சத்தைத் திரையில் பார்க்கச் சொல்லும் பாட்டுப்புத்தகம்தான் சில படங்களுக்கு இன்றிருக்கும் ஒரே சாட்சி.

அவருடைய சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு வாங்கிக்கொண்டது. 2004-இல் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ புத்தகமாக வந்தது. தலைப்பிலேயே மக்கள் தொடர்பாளர் தெரிகிறார். கடனில் மூழ்கிய தயாரிப்பாளர், சம்பளம் வராத லைட்மேன், சண்டை, வழக்கு இதையெல்லாம் ‘சாதனை’ என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. நல்லதை மட்டும் சொல்லிப் பழகிய தொழில் அது. ஆனாலும் குறை சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை. சொல்லாமல் விட்டதைத் தேடிப் போகிறவனுக்கும் முதலில் ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதியை அவர் வைத்துவிட்டுப் போனார். 2016 மார்ச் 21-இல் சென்னையில் இறந்தபோது தொண்ணூறை நெருங்கியிருந்தார்.

எங்கள் தோட்டத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை. திடலில் என்ன படம் போட்டார்கள், யார் புரொஜெக்டர் ஓட்டினார், லயத்தில் யார் யார் இருந்தார்கள், ஒன்றுக்கும் காகிதம் கிடையாது. வேலையிடத்தில் ஒரு பம்ப் நின்றால்கூட நேரம் போட்டு லாக் புத்தகத்தில் எழுதுகிறேன். பாட்டியின் அறுபது வருஷத்துக்கு ஒரு பக்கம்கூட எழுதியதில்லை.

போன மாதம் ஒரு நோட்டு வாங்கினேன். “எந்த வருஷம் பாட்டி அந்தப் படம்?” என்று கேட்டேன். “வருஷமெல்லாம் யாருக்குத் தெரியும்? ஒங்க பெரிய மாமா வயித்துல இருந்தான்.” மாமாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன்: 1961 மார்ச். அப்படியென்றால் 1960 ஜூனுக்கும் 1961 மார்ச்சுக்கும் இடையில் ஓர் இரவு. ‘நாடோடி மன்னன்’ சென்னையிலிருந்து எங்கள் மலைக்கு ஏறிவர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

நோட்டின் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்கிறேன்.