புதுக்கோட்டைப் பெண்கள் படிக்க வந்த கதை



நம்ம கூட்டமைப்பில் பயிற்சி வைத்தால் சில குழுவிலிருந்து ஒருத்தர்கூட வருவதில்லை. உடனே "அவங்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். நமக்கு முன்னாடி பெண்கள் எப்படிப் படிக்க வந்தார்கள் என்று பார்த்தால், அந்தப் பேச்சு சரியில்லை என்று தெரியும்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டர். படிக்க வேண்டிய பெண்கள் பலரும் வயலிலும் கல்குவாரியிலும் கூலி வேலை பார்த்தவர்கள். பகலில் வகுப்பு வைத்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் வேலை முடிந்து வந்த பிறகு, அவங்க ஊரிலேயே வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தெரிந்த முகம் என்றால் வயசானவங்களுக்கும் கூச்சம் போய்விடும் இல்லையா?

அடுத்தது சைக்கிள். பஸ்ஸையும் வீட்டு ஆம்பளைங்களையும் எதிர்பார்த்தால் பெண்கள் எங்கேயும் நேரத்துக்குப் போக முடியாது. அதனால் சைக்கிள் ஓட்டுவதையும் அறிவொளி பாடமாக்கினார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. கேலி பேசியவர்கள் உண்டு. ஆனாலும் 1992 மகளிர் தினத்தையொட்டி சுமார் 1,500 பெண்கள் கொடி கட்டி, மணி அடித்து, புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆம்பளை சைக்கிளையே ஓட்டினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள்.

கல்குவாரியில் கான்ட்ராக்டரிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகைக்கு எடுத்தால் ரசீது படிக்கணும், லோடு கணக்குப் பார்க்கணும். எழுத்து அவங்க வயிற்றுப் பிழைப்போடு சேர்ந்துவிட்டது. அப்புறம் யாரும் வற்புறுத்தத் தேவையில்லை.

1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்களின் வழியில் வந்தவர்கள்தான் நாமும். அதனால் இனி பயிற்சிக்குத் தேதி குறிக்கும் முன் நாலு விஷயம் கேட்போம். அன்றைய கூலி போகுமா? போக வர பஸ் இருக்கா? கைப்பிள்ளையை யார் பார்ப்பாங்க? கற்றது மறுநாளே கைக்கு உதவுமா? ஊரக வேலைத் திட்டத்தில் வேலை இருக்கும் நாளில் பயிற்சி வைத்துவிட்டு, வராதவங்க பேரை நோட்டில் எழுதுவது நியாயமில்லை. வராத சகோதரியின் வீட்டுக்குப் போய் இந்த நாலையும் கேட்டால், அடுத்த பயிற்சிக்கு அவங்களும் வருவாங்க.