துயர் வேளையில் சேர நாடும் தமிழ் நாடும்

கொச்சித் துறைமுகத்தின் பிறப்பே ஒரு வெள்ளத்தினால் ஆயிற்று என்பது வரலாற்று ஆசிரியர் பலரின் கருத்தாகும். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம், புகழ் பெற்ற முசிறித் துறையை மணலால் தூர்த்துவிட்டுக் கொச்சியின் அருகே கடல்வாயைத் திறந்து விட்டது என்பர். அவ்வாறு பிறந்த துறைமுகத்தை நாடிப் பல நாட்டு மக்களும் வந்தனர், தமிழரும் வந்தனர். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் வாணிகம் செய்தோரும், ஃபோர்ட் கொச்சியில் வெளுப்புத் தொழில் புரிந்து வரும் வண்ணார் குடும்பத்தினரும், துறைமுகத்திலும் இரயில்வேயிலும் ஊழியம் ஏற்று வந்த நம் போன்றோரும் இவ்வூரைத் தம் ஊராகவே கொண்டு விட்டோம். ஆயினும் சொந்த ஊரில் புயல் என்ற செய்தி வந்தால் நம் இல்லங்களில் அன்று அடுப்பு மூட்டவும் மனம் வருவதில்லை. அத்தகைய நாட்களில் தொலைவிலிருந்த எளிய மக்கள் என்ன செய்தனர் என்பதை இம்மலரில் சிறிது ஆராய்தல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

முதலில் இயற்கையின் ஏற்பாட்டைக் காண்போம். சேர நாட்டுக்குப் பெருமழை தருவது தென்மேற்குப் பருவக் காற்று. அது ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுவது. தமிழ் நாட்டின் கடற்கரைக்கு மழையும் புயலும் தருவது வடகிழக்குப் பருவக் காற்று. அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசுவது. இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல் நிற்கின்றது. ஆகவே ஒரு நாடு நீரில் மூழ்கும் திங்களில் மற்றொரு நாடு பெரும்பாலும் உலர்ந்த நிலத்தில் நிற்கின்றது. அச்சுவரில் பாலக்காட்டுக் கணவாய் என்னும் வாயிலையும் இயற்கை வைத்துள்ளது. அவ்வழியே இருப்புப் பாதையும் செல்கின்றது. ஒருவர் விழும்போது மற்றவர் கை கொடுக்கத்தக்க நிலையில் நிற்பது நம் இரு நாடுகளுக்கும் கிடைத்த பேறு எனலாம்.

கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கேரளம் முழுவதையும் பெருவெள்ளம் சூழ்ந்தது. இன்றும் முதியோர் அதனைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே குறிப்பிடுகின்றனர். அப்போது காந்தியடிகள் தம் பத்திரிகைகளில் மலையாள மக்களுக்காக வேண்டுகோள் விடுத்தார். கூர்ச்சரத்துப் பெண்மணிகள் தம் நகைகளைக் கழற்றித் தந்தனர். சிறுவர் சிலர் தாம் அருந்தும் பாலை விட்டு அதன் விலையை அனுப்பினர். இவ்வாறு திரண்ட தொகை ஏறத்தாழ 7000 ரூபாய். இழப்போடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே. ஆயினும் பாலை விட்ட குழந்தை மலையாள நாட்டைக் கண்டதுமில்லை, அம்மொழியைக் கேட்டதுமில்லை என்பதை நினைக்கும்போது அத்தொகையின் பெருமை விளங்கும்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலையும் பொங்கிய கடலையும் இரயில்வேயில் ஊழியம் புரியும் எவரும் மறக்கமாட்டார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653ஆம் எண் பயணி வண்டி, நிலையத்தை அடையும் முன்னரே அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி நகரமும் அழிந்தது. 1914 முதல் இராமேசுவரத் தீவை நாட்டோடு இணைத்து நின்ற பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களுள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. அப்பாலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு, பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலுக்குள் கிடந்த உத்திரங்களைத் தேடி எடுத்து மீண்டும் தூண்கள் மேல் ஏற்றும் வழியை அவர் கைக்கொண்டார். பல திங்கள் ஆகும் என எண்ணப்பட்ட வேலை 46 நாட்களில் முடிந்தது. பொறியாளர் பெயர் ஏடுகளில் நிற்கின்றது. உப்பு நீரில் நின்று கயிறு இழுத்த கலாசிகளின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அப்பாலம் 2022ஆம் ஆண்டு டிசம்பர் வரை வண்டிகளைத் தாங்கி நின்றது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

இடைக்காலத்தில் இரு நாடுகளுக்கும் இடையே எப்போதும் இனிமையே நிலவியது என்று கூறினால் அது உண்மையாகாது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாற்று அணை பற்றிய பூசல் முற்றி, குமுளி எல்லையில் போக்குவரத்துத் தடைப்பட்டது. இரு புறத்தும் எளிய தொழிலாளரே அல்லலுற்றனர். இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது கவலை மிகுந்த காலம். ஒரே நீரைப் பற்றிய வழக்கு, இரு மக்களையும் என்றென்றும் பிரித்துவிடுமோ என்று அஞ்சியவர் பலர்.

அதற்கு விடை நான்கு ஆண்டுகளில் கிடைத்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளும் அதனை அடுத்தும் சென்னை நகரம் பெருமழையில் மூழ்கியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. விமான நிலையம் மூடப்பட்டது; வண்டிகள் பல நிறுத்தப்பட்டன. அப்போது எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியராக விளங்கிய எம். ஜி. ராஜமாணிக்கம் தமிழ் நாட்டைச் சேர்ந்தவர். அவரது ஊக்கத்துடன் இவ்வூர் இளைஞர்கள் ‘அன்போடு கொச்சி’ என்னும் பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினர். மாணவர், அலுவலகப் பணியாளர், இல்லத்தரசியர், திரைப்பட நடிகர் என எல்லோரும் ஒரே வரிசையில் நின்று பொருள்களைப் பிரித்துக் கட்டினர். லாரிகள் சென்னைக்குப் புறப்பட்டன. ‘அன்போடு’ என்ற சொல்லைத் தமிழர் தமிழ் என்பர். மலையாளி மலையாளம் என்பர். இருவர் கூற்றும் உண்மையே. அணை பற்றிய வழக்கு முடிந்த பின்னரே உதவுவோம் என்று அன்று எவரும் கூறவில்லை.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் மேற்கூறிய பருவ ஒழுங்கையும் மீறியது. அது குமரி மாவட்டத்தையும் கேரளக் கரையையும் ஒருங்கே தாக்கிற்று. தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்வோருள் தூத்தூர் வட்டாரத்து மீனவர் மிகுதி என்பதை நாம் அறிவோம். இரு கரையிலும் அழுகுரல் எழுந்தது. அவ்வேளையில் உதவி மூன்றாம் கரையிலிருந்து வந்தது. காற்றில் அலைக்கழிந்த 68 படகுகள், 952 மீனவரோடு மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கக் கரையை அடைந்தன. மராத்தி மொழி அறியாத அம்மக்களுக்கு அங்கே உணவும் உறைவிடமும் கிடைத்தன.

அடுத்த ஆண்டே கேரளத்தின் முறை வந்தது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் தங்கினர். நெடும்பாசேரி விமான நிலையம் நீரில் மூழ்க, நம் அருகில் உள்ள கடற்படை விமானத் தளத்தில் பயணிகள் விமானங்கள் இறங்கின. கடவந்திரை விளையாட்டரங்கில் ‘அன்போடு கொச்சி’ மீண்டும் கூடியது. தமிழ் நாட்டு அரசு இரு தவணையில் 10 கோடி ரூபாயும், அரிசி, பால் மாவு, துணி ஆகியவையும் அளித்தது. இரயில்வே நிவாரணப் பொருள்களுக்குக் கட்டணம் பெறவில்லை; புனாவிலிருந்தும் ரத்லாமிலிருந்தும் குடிநீர் வாகன்களில் வந்தது. விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி, சைக்கிள் வாங்குவதற்காக உண்டியலில் சேர்த்த பணம் முழுவதையும் அனுப்பினாள். அதே திங்களில் முல்லைப் பெரியாற்று நீர் திறக்கப்பட்டதும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரளமும், அன்று என்று தமிழ் நாடும் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டன. வழக்கறிஞர்கள் தில்லியில் வாதாடிக்கொண்டிருக்க, அரிசி மூட்டைகள் வாளையாற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தன.

மூன்று திங்களுக்குள் கடன் திரும்பியது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தன் வீடுகளில் சேறு காய்ந்து முடியாத கேரளம் 10 கோடி ரூபாய் அளித்தது. அதனினும் மேலாக, கேரள மின்வாரியத் தொழிலாளர்கள் அங்குச் சென்று, சாய்ந்த கம்பங்களை நட்டுக் கம்பி இழுத்து ஊர்களுக்கு ஒளி தந்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, கேட்டுக் கொடுத்தல். துயருற்றோர்க்குப் பழந்துணிக் குவியலைவிட, உரிய நேரத்தில் வரும் குடிநீரும் தீப்பெட்டியும் பாயும் பெரிது. அங்குள்ளோரைக் கேளாமல் அனுப்பும் பொருள் அவர்களுக்குச் சுமையாகும். இரண்டாவது, ஒழுங்காகக் கட்டுதல். உள்ளே இருப்பது இன்னது, பெறுபவர் இன்னார் என்று மேலே எழுதாத மூட்டை எந்த நிலையத்திலும் கேட்பாரற்றுக் கிடக்கும். சரக்குச் சீட்டு எழுதிப் பழகிய எவரும் இதனை அறிவர். மூன்றாவது, நீடித்து நிற்றல். பத்திரிகைகள் புயலை மறந்த பின்னரும் தென்னை மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அக்காலத்தில் ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவை ஏற்பதும் நிவாரணமே.

நம் சங்கம் பெரிய நிறுவனம் அன்று. மாதச் சம்பளக்காரரும் சிறு வணிகருமே இதன் உறுப்பினர். எனினும் குடும்பத்துக்கு மாதம் பத்து ரூபாய் ஒதுக்கித் துயர் நீக்க நிதி ஒன்றை இன்றே தொடங்கினால், அடுத்த புயலின்போது நாம் கூட்டம் கூட்டி ஆலோசித்துக்கொண்டிருக்க நேராது. ஜூன் திங்களில் அது நம் அண்டை வீட்டாருக்குப் பயன்படட்டும். நவம்பர் திங்களில் நம் பிறந்த ஊர்களுக்குப் பயன்படட்டும். இரு மொழியும் அறிந்து இரு கரையிலும் உறவு கொண்ட நம்மைவிட இப்பணிக்கு ஏற்றவர் எவர்? வரும் பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதனை எண்ணிப் பார்த்து முடிவு செய்வார்களாக.