சுருதி சேர்க்கும் கைகள்

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது சிறுவாச்சூர். அவ்வூர் மதுரகாளியம்மன் கோயிலின் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும். உடுக்கை ஒலித்து அம்மனை அழைப்பது அங்குள்ள வழிபாட்டு மரபு. கோயில் உடுக்கையோ சபா மேடையின் மிருதங்கமோ, தோற்கருவிகளின் உலகில் பெரும்பாலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். வாசிப்பவர் ஒருவர், தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, சுருதிக்குக் கொண்டுவருபவர் இன்னொருவர். முன்னவரை ஊர் அறியும். பின்னவரின் வரலாறு எழுத்தில் ஏறுவது அரிது. அவ்வாறு ஏறிய சிலவற்றுள் ஒன்று, தஞ்சாவூரில் மிருதங்க வேலை செய்த ஒரு குடும்பத்தினுடையது.

செபாஸ்டியன் என்ற பெயர் தஞ்சை மக்களின் நாவில் செவிட்டியான் ஆயிற்று. அவர் மகன் பெர்னாண்டஸ், பர்லாந்து ஆனார். கிறித்தவத்தைத் தழுவிய தலித் குடும்பம். தோலைத் தொடும் தொழில் என்பதாலேயே பிற சாதியினர் விலகி நின்ற வேலை அவர்களிடம் வந்தது. ஆனால் அந்த வேலை கேட்ட நுட்பம் சாதாரணமானதன்று.

மிருதங்கத்தின் உடல் பலாமரத்தில் கடையப்படுவது. வலந்தலைக்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். இரு தலைகளையும் இழுத்துப் பிடிக்கும் வார் எருமைத்தோல். வலந்தலையின் நடுவே கருவட்டமாகத் தெரிவதற்குச் 'சாதம்' என்று பெயர். ஒருவகைக் கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து இறுக்குவார்கள். நாதம் பெரிதும் பிறப்பது இந்த வட்டத்தில்தான். தோல்களின் இடையே ஈர்க்குச்சிகளைச் செருகினால் அது குச்சி மிருதங்கம். கல் துணுக்குகளை இட்டால் கப்பி மிருதங்கம். இரண்டின் தொனியும் வேறு.

இவ்வளவும் பட்டறையில் நடப்பவை. கச்சேரி நாளின் சோதனை தனி. பாடகரின் கட்டைக்கு ஏற்ற மிருதங்கம் வேண்டும். தாழ்ந்த சுருதிக்கு நீளமானது, உயர்ந்த சுருதிக்குக் குட்டையானது. வலந்தலையைச் சுற்றியுள்ள மூட்டை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். சுற்றிலும் எந்த இடத்தில் தட்டினாலும் ஒரே சுருதி பேச வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் தோல் மாறுகிறது. வாசிக்க வாசிக்கச் சாதம் உதிர்கிறது. ஆகவே இந்தத் தொழிலில் கருவியைச் செய்து விற்றுவிடுவதோடு உறவு முடிவதில்லை. ஒரு வித்வானின் விரல் எப்படிப்பட்டது, அவர் காது எதை எதிர்பார்க்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கற்றவரே நிலைக்க முடியும். பட்டயமோ பள்ளியோ இல்லாத இத்துறையில் அதுவே தேர்ச்சிச் சான்று.

பாலக்காடு மணி ஐயருக்கும் (1912–1981) பர்லாந்துக்கும் இடையே பல பத்தாண்டுகள் நீடித்த உறவு இத்தகையதே. மணி ஐயர் ஒலிபெருக்கியை விரும்பாதவர். தம் கருவியின் இயல்பான நாதத்தின்மீது தீராத கவனம் கொண்டவர். அவர் மனத்தில் கேட்ட ஒலியைத் தோலில் வரவழைக்க வேண்டியவர் பர்லாந்து. அப்படியானால் மணி ஐயரின் நாதம் என்று நாம் கொண்டாடுவதில் பர்லாந்தின் பங்கு என்ன? இந்தக் கேள்வியை இசை விமர்சனம் நெடுங்காலம் கேட்கவே இல்லை.

மேற்கே இதே தொழிலில் இருந்த ஒருவரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்டெய்ன்வே நிறுவனத்தின் பியானோ தொழில்நுட்பரான பிரான்ஸ் மோர், விளாடிமிர் ஹோரோவிட்சின் கருவியைப் பேணியவர். 1986இல் ஹோரோவிட்ஸ் மாஸ்கோவில் வாசித்தபோது அவருடைய பியானோவும் சென்றது, மோரும் சென்றார். 1992இல் மோரின் நினைவுக் குறிப்புகள் அவர் பெயரிலேயே நூலாக வந்தன. மோருக்குத் தொழில் ஒரு பதவியையும் பெயரையும் தந்தது. பர்லாந்துக்கு வித்வானின் அன்பு கிடைத்திருக்கலாம். ஆனால் அன்பு வேறு, தகுதியின் அங்கீகாரம் வேறு. அவரைப் போன்றவர்களின் கதையை டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலில் தொகுத்தது 2020இல்தான். அந்நூல் வெளியீட்டுக்கு அளித்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டதும், விழா சென்னையின் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துக்கு மாறியதும், பேசப்பட்ட பொருள் இன்னும் ஆறாத புண் என்பதையே காட்டின.

இன்று வாருக்குப் பதில் போல்ட்டும் நட்டும் பூட்டிய மிருதங்கங்கள் மேடையேறுகின்றன. சுருதியை ஸ்பானரால் திருத்தலாம். பெங்களூரின் கே. வரதரங்கன் செயற்கைத் தோலும் செயற்கை உடலும் கொண்ட 'ஸ்ரீ மிருதங்க'த்தை உருவாக்கியிருக்கிறார். பயணக் கச்சேரிகளுக்கு இவை வசதிதான். எனினும் இயல்தோலின் நாதத்தையே விரும்பும் வித்வான்கள் மூட்டும் சாதமும் அறிந்த கைகளைத் தேடித்தான் போகிறார்கள்.

அந்தக் கைகளுக்கு அடுத்த தலைமுறை வருமா என்பது கூலியை மட்டும் பொறுத்ததன்று. கச்சேரி மேடையில் தம்பூரா போடுபவர் வரை பெயர் அறிவிக்கிறார்கள். அன்றைய மிருதங்கத்திற்குச் சாதம் போட்டவரின் பெயரையும் அதனோடு சேர்த்துச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.