திருகோணமலை என்னும் போர்க்கப்பல்

  

கப்பல் என்று சொன்னதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன நினைவு வரும்? ரஜூலா! நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய கதையைச் சொல்லாத தாத்தா பாட்டி நம் தோட்டங்களில் அபூர்வம். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல் 1974இல் உடைக்கப்பட்டது. நாற்பத்தெட்டு ஆண்டு உழைத்த கப்பல் அது. இரும்புக் கப்பலுக்கு அதுவே நல்ல ஆயுள்தான்.

ஆனால் வெறும் மரத்தால் கட்டப்பட்டு, பாய் விரித்துக் காற்றில் ஓடிய ஒரு கப்பல், இருநூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் தண்ணீரில் மிதந்து கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? அது வெள்ளைக்காரன் கடற்படையின் கப்பல். கட்டியவர்களோ இந்தியர்கள். அதன் பெயர் ஒரு தமிழ் ஊரின் பெயர்: திருகோணமலை! ஆங்கிலேயர் வாயில் அது "டிரிங்கோமலி" ஆயிற்று.

பெயர் வந்த வகை

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள திருகோணமலையை நம்மில் பலருக்குக் கோணேசுவரர் கோயிலால் தெரியும். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. கடற்படைக்காரர்களுக்கோ அந்த ஊர் வேறு காரணத்துக்காக வேண்டியிருந்தது. எந்தப் புயலுக்கும் கப்பல்கள் ஒதுங்கி நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. அதற்காகப் போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அடித்துக் கொண்டார்கள். 1782 செப்டம்பர் 3ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் அந்த ஊருக்கு எதிரே கடலில் மோதினார்கள். அந்தப் போரின் நினைவாகத்தான் முப்பது ஆண்டு கழித்து ஒரு புதிய கப்பலுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள்.

தேக்கும் கைகளும்

1812ஆம் ஆண்டு அக்டோபர் 30இல் இந்தக் கப்பலைக் கட்ட உத்தரவு பிறந்தது. நெப்போலியனோடு இங்கிலாந்து போரில் இருந்த காலம். ஓயாமல் கப்பல் கட்டிக் கட்டி அங்கே நல்ல ஓக் மரம் அருகிப் போயிற்று. ஆகவே பம்பாய்த் துறையை நாடினார்கள். அங்கே கப்பல் கட்டுவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்தது வாடியா என்ற பார்சிக் குடும்பம். சூரத்திலிருந்து 1736இல் பம்பாய்க்கு வந்த லவ்ஜி நசர்வாஞ்சி என்ற தச்சரின் வழிவந்தவர்கள். அந்த வழியில் வந்த ஜம்சேட்ஜி பொமாஞ்சி வாடியாவே இந்தக் கப்பலைக் கட்டிய தலைமைத் தச்சர்.

தொடக்கத்திலேயே ஒரு சோதனை! கப்பலின் வரைபடங்களை "ஜாவா" என்ற போர்க்கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் கப்பலை 1812 டிசம்பர் 29இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான "கான்ஸ்டிடியூஷன்" அடித்து நாசமாக்கி விட்டது. கப்பலோடு படமும் போயிற்று! மறுபடி படம் வந்து சேர்ந்து, 1816இல்தான் வேலை தொடங்கியது. பார்சி வழக்கப்படி ஏரா என்னும் அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணியை அடித்து மங்கலம் செய்தார்கள். 1817 அக்டோபர் 12ஆம் தேதி கப்பல் நீரில் இறங்கியது. நீளம் சுமார் 150 அடி, அகலம் சுமார் 40 அடி, மூன்று பாய்மரம். கட்டிய செலவு ஏறக்குறைய 23,000 பவுன்.

மரம் எது தெரியுமா? மலபார்த் தேக்கு! மலைக்காட்டில் வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, கடல் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டு வந்த மரம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் தண்ணீரில் சீக்கிரம் உளுத்துப் போகாது. ஓக் மரத்தில் உள்ள புளிப்புச் சத்து இரும்பு ஆணியை அரித்து விடும். தேக்கு அப்படிச் செய்யாது. ஆனால் மரம் மட்டும் நல்லதாக இருந்தால் போதுமா? அறுப்பவன் கை நேராக இருக்க வேண்டும். வளைந்த மரத்தை வளைந்த இடத்துக்கே பொருத்தத் தெரிய வேண்டும். பலகைக்குப் பலகை இடுக்கில் நார் அடைத்துக் கீல் பூசும் கலப்பற்று வேலை பிசகாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தேக்கும் மூழ்கத்தான் செய்யும்.

நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும. பினாங்கிலும் கப்பல் கட்டும் துறை அமைக்க ஆங்கிலேயர் முயன்றதுண்டு. 1809இல் அங்கே "மலாக்கா" என்ற போர்க்கப்பலைக் கட்டி இறக்கினார்கள். அது 1816இல் உடைக்கப்பட்டது. ஏழே ஆண்டு! அதே ஆண்டில்தான் பம்பாயில் திருகோணமலைக்கு ஏரா போட்டார்கள்.

ஜம்சேட்ஜியைப் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. 1800இல் அவர் கட்டிய வேறொரு கப்பலின் உட்கட்டையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், இதைக் கட்டியவன் ஒரு பாழாய்ப்போன கறுப்பன்தான் என்ற பொருளில் ஆங்கிலத்தில் செதுக்கி வைத்தாராம். பல ஆண்டுகளுக்குப் பிறகு, கப்பலைச் செப்பனிட வந்தபோதுதான் அது வெளியே தெரிந்ததாம். அன்பர்களே, அந்த எழுத்தில் கோபமும் உண்டு, பெருமிதமும் உண்டு. நம்மை எப்படி வேண்டுமானாலும் அழையுங்கள், எங்கள் வேலையைக் குறை சொல்லுங்கள் பார்ப்போம் என்கிற பெருமிதம்!

ஜம்சேட்ஜி பெயராவது ஏட்டில் நின்றது. வாள் பிடித்த ஆசாரி, ஆணி அடித்த கொல்லன், மலபார்க் காட்டில் மரம் தள்ளிய கூலி, இவர்கள் பெயரெல்லாம் எங்கே? விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் கிராணி கூப்பிட்ட பெயர்கள் எத்தனை? அவற்றில் சரித்திரத்தில் ஏறியவை எத்தனை? அதே கதைதான்!

இன்னொன்றும் கவனியுங்கள். இப்படிக் கப்பல் கப்பலாக வெட்டியதில் மலபார்க் காடே காலியாகத் தொடங்கியது. அதனால் 1840களில் கலெக்டர் கானலி என்பவர் நீலம்பூரில் தேக்குக் கன்றுகளை வரிசை பிடித்து நட வைத்தார். உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். முன்பு ரப்பரும் இப்போது செம்பனையும் பார்க்கும் நமக்கு, தோட்டம் என்பது எந்தத் தேவையில் பிறக்கிறது என்று புரிந்து கொள்ள இது ஒரு நல்ல பாடம்.

இருபத்தைந்து ஆண்டு உறக்கம்

1818இல் பம்பாயை விட்டுப் புறப்பட்ட கப்பல், நெப்போலியன் சிறையிருந்த செயிண்ட் ஹெலினா தீவில் சில நாள் தங்கியது. நெப்போலியனுக்கு மருத்துவம் பார்த்த ஒருவரையும் ஏற்றிக் கொண்டு, 1819 ஏப்ரல் 30இல் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தது. பாவம், அது போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்து நான்காண்டு ஆகி விட்டது! சண்டைக்குக் கட்டிய கப்பலுக்குச் சண்டை இல்லை. மேலே கூரை போட்டு ஓரமாகக் கட்டி வைத்து விட்டார்கள். 1845 வரை அப்படியே கிடந்தது. உப்புக் காற்றும் மழையும் தின்றும் தேக்கு அசையவில்லை.

பத்து ஆண்டு ஊழியம்

1845இல் எழுப்பினார்கள். பீரங்கிகளின் எண்ணிக்கையை 26 ஆகக் குறைத்து, ஆனால் பெரிய பீரங்கிகளாகப் பொருத்தினார்கள். முகப்பில் ஒரு மரச் சிற்பம் வைத்தார்கள். அது யாருடைய உருவம்? ராஜாவா? தளபதியா? இல்லை. தலைப்பாகை கட்டிய ஒரு கீழ்நாட்டு ஆண்! அவருக்குப் பெயர் இல்லை. ஆனாலும் கப்பல் போன கடலெல்லாம் அவர்தான் முதலில் போனார்.

1847 முதல் 1850 வரை மேற்கிந்தியத் தீவுகளிலும் வட அமெரிக்கக் கரையிலும் காவல் பணி. அடிமைகளைக் கடத்தும் கப்பல்களைத் தடுக்கும் வேலையும் அதில் அடங்கும். பிறகு 1852 முதல் 1857 வரை பசிபிக் கடல். வடக்கே பனி உறையும் பேரிங் நீரிணைப் பக்கம்கூடப் போய், காணாமற்போன பிராங்க்ளின் குழுவைத் தேடிக் கொண்டிருந்தவர்களுக்குப் பொருள்கள் கொண்டு போய்க் கொடுத்தது.

நல்லதை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது சரித்திரம் ஆகாது. 1856இல் இதே கப்பலின் மாலுமிகள் கனடாவின் வான்கூவர் தீவில் இறங்கி, கவிச்சன் என்ற பூர்வீகக் குடிகளின் நிலத்துக்குள் படையாகச் சென்றார்கள். ஒரு வெள்ளைக்காரரைச் சுட்ட குற்றத்துக்காக அந்தக் குடியைச் சேர்ந்த ஒருவர் அவர் மக்கள் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். நம் பேராக் மாநிலத்துக்கும் இது தெரியாத கதையல்ல. 1874 ஜனவரி 20இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது "புளூட்டோ" என்ற கப்பலின் மேல்தான். மறு ஆண்டு பாசீர் சாலாக்கில் பர்ச் கொல்லப்பட்டதும் கடற்படைக் கப்பல்களும் மாலுமிகளும்தான் வந்து இறங்கினார்கள். அடிமையை விடுவிக்கவும் கப்பல் வரும். அடுத்தவன் நாட்டை அடக்கவும் கப்பல் வரும். கப்பல் மேல் குற்றமில்லை. அதைச் செலுத்துகிறவன் கையில் இருக்கிறது காரியம்.

அந்தப் பயணங்களின் ஞாபகம் இன்றும் கனடாவின் வரைபடத்தில் இருக்கிறது. சால்ட்ஸ்பிரிங் தீவுக்கும் கலியானோ தீவுக்கும் நடுவே உள்ள கடல் வழிக்கு "டிரிங்கோமலி கால்வாய்" என்று இந்தக் கப்பலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மாணவர்களே, வரைபடத்தை விரித்துத் தேடிப் பாருங்கள். பூமியின் மறுபக்கத்தில் ஒரு தமிழ் ஊர்ப்பெயர்!

பள்ளிக்கூடமான கப்பல்

1857இல் கடல் ஊழியம் முடிந்தது. பெரிய போர் எதிலும் வெற்றி கண்டு பட்டம் பெறவில்லை. இனி விறகுக்குத்தான் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பார்களே, இங்கே யானை இறக்கவே இல்லை. 1860களில் கப்பலைப் பயிற்சிப் பள்ளியாக மாற்றினார்கள். 1862 முதல் 1877 வரை ஹார்ட்டில்பூல் என்ற துறைமுகத்திலும், பிறகு சவுத்தாம்டனிலும் சேமப்படை மாலுமிகளுக்குப் பாடம் நடந்தது.

1897இல் உடைப்பதற்கென்று விற்று விட்டார்கள். அந்த நேரத்தில் வீட்லி காப் என்ற செல்வந்தர் குறுக்கே வந்தார். அவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வைத்திருந்த "ஃபூத்ரோயான்" என்ற கப்பல் அதே ஆண்டில் புயலில் உடைந்து போயிருந்தது. திருகோணமலையை அவர் வாங்கிச் செப்பனிட்டு, பழைய கப்பலின் பெயரையே இதற்கும் சூட்டினார். பெயர் போனது, ஆனால் உடம்பும் உழைப்பும் நின்றன. 1986 வரை, தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் அந்தத் தேக்குப் பலகைமேல் நின்று கயிறு முடியவும் படகு தள்ளவும் ஒருவரோடு ஒருவர் ஒத்து வாழவும் கற்றார்கள்.

1987இல் கப்பல் மறுபடி ஹார்ட்டில்பூலுக்கே வந்தது. முன்பு பாடம் சொன்ன ஊரே அதற்கு வைத்தியம் பார்த்தது. 1992இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. 2001இல் வேலை முழுதும் முடிந்தது. இன்று பிரிட்டனில் இன்னும் மிதந்து கொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. அதன் மரத்தில் பாதிக்கு மேல் பம்பாய்த் தச்சர்கள் அன்று வைத்த அதே மலபார்த் தேக்கு!

முடிவாக ஒன்று

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கப்பல் போர்ப்பணியில் கடலில் திரிந்தது சுமார் பத்து ஆண்டு. பள்ளிக்கூடமாக இருந்ததோ நூறு ஆண்டுக்கு மேல்! போர்க்களத்தில் பரிசு வாங்கிய எத்தனையோ கப்பல்கள் அடுப்பெரிந்து போயின. பரிசே வாங்காத இது நிற்கிறது. ஏன்? அடியில் போட்ட மரம் நல்ல மரம். அதை இழைத்த கை ஏமாற்றாத கை.

இன்று பரிசளிப்பு நாள். மேடையேறிக் கோப்பை வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பெயர் கூப்பிடப்படாமல் கீழே உட்கார்ந்து கை தட்டும் பிள்ளைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். இருபத்தைந்து ஆண்டு ஓரமாகக் கட்டிக் கிடந்த கப்பல்தான் பிறகு உலகத்தைச் சுற்றியது.

பெற்றோர்களே, "நாங்க படிக்கலீங்க சார், எங்களால என்ன ஆகப் போவுது?" என்று எங்களிடம் வந்து சொல்லாதீர்கள். பால்மரம் வெட்டிய கையும் செம்பனைக் குலை தள்ளும் கையும்தான் இந்தப் பள்ளிக்கு ஏரா போட்ட கைகள். உங்கள் பெயரை ஏட்டில் யாரும் எழுதாமல் போகலாம். உங்கள் பிள்ளை நாளை எந்தக் கடலில் போனாலும், தாங்குகிற மரம் நீங்கள் வைத்த மரம்தான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!