வெல்பைக்: ஓர் ஊர்ப்பெயர் வண்டியேறிய கதை

‘வெல்பைக்’ என்று கேட்டதும் தமிழ்க்காது ‘வெல்’ என்ற வினையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டனில் செய்த மோட்டார் சைக்கிள் அது. போரில் வெல்லும் பைக் என்று பொருளும் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. ஒலியொப்புமையை மட்டும் நம்பிச் சொல்லாராய்ச்சியில் இறங்குபவர் வழுக்கி விழும் இடம் இதுதான். கிணற்றையும் நலத்தையும் குறிக்கும் ஆங்கில ‘வெல்’லுக்கும் இதில் பங்கில்லை. இது ஓர் ஊர்ப்பெயரின் முதலசை.

லண்டனுக்கு வடக்கே, ஹார்ட்ஃபர்ட்ஷயரில் வெல்வின் என்றோர் ஊர் உண்டு. எழுதுவது வெல்வின், உள்ளூரார் சொல்வது ‘வெல்லின்’. பழைய ஆங்கிலத்தில் ‘வெலிக்’ என்பது வில்லோ மரம். கிரிக்கெட் மட்டைக்கு அறுக்கிறார்களே, அந்த இனம். வில்லோக்கள் நிற்கும் இடம் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். நம் ஆலங்குடியையும் பனையூரையும் போல மரத்தால் பெயர்பெற்ற ஊர்.

மரத்தின் பெயர் ஆயுதத்துக்குப் போன வழி சுவையானது. எதிரி பிடித்துவைத்திருந்த நாடுகளில் நாசவேலை செய்ய, 1940-இல் பிரிட்டன் எஸ்.ஓ.இ. என்ற இரகசிய அமைப்பைத் தொடங்கியது. அதன் ஒன்பதாம் நிலையம் வெல்வின் அருகே ‘த ஃப்ரைத்’ என்ற மாளிகையில் இயங்கியது. அங்கே பிறந்த கருவிகள் பலவற்றின் பெயர்கள் ‘வெல்’ என்று தொடங்கின. சத்தமில்லாமல் சுடும் கைத்துப்பாக்கி வெல்ராட். ‘ராட்’ என்பது துப்பாக்கிக்கான கொச்சைச் சொல். ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டும் குட்டி நீர்மூழ்கி வெல்மேன். முதலசை பிறந்த பட்டறையைச் சொல்லும். பின்சொல் பொருளைச் சொல்லும். இரகசிய இடத்தின் பெயரையே கருவிக்குச் சூட்டலாமா என்று கேட்கத் தோன்றும். உள்ளிருப்பவருக்கு அடையாளமாகவும் வெளியாருக்கு வெற்றொலியாகவும் நின்ற இந்த முன்னொட்டை நான் நல்ல பெயரீடு என்றே சொல்வேன்.

இனி வண்டி. நிலையத்தின் தலைவராக இருந்த ஜான் டால்ஃபின் இதற்கு வடிவம் கொடுத்தார். பாராசூட்டில் போடும் உருளைப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனைதான் வண்டி முழுவதையும் தீர்மானித்தது. கைப்பிடி மடியும், கால்மிதி மடியும், இருக்கைத் தண்டு உள்ளே இறங்கும். எடை சுமார் 32 கிலோ. 98 சிசி வில்லியர்ஸ் டூ ஸ்ட்ரோக் இன்ஜின், ஒரே கியர், பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக். சஸ்பென்ஷன் கிடையாது. பெட்ரோல் டாங்க் கார்புரேட்டருக்குக் கீழே இருந்ததால் எண்ணெய் தானாக இறங்காது. கைப்பம்பால் டாங்கில் காற்றழுத்தம் ஏற்றிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிக் கிளப்ப வேண்டும். 1942-இல் மாதிரி வண்டிகளைச் சோதித்துப் பார்த்த பின், பர்மிங்காமின் எக்ஸெல்சியர் நிறுவனம் 3,600-க்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தது.

1944-இல் ஆர்னம் போருக்கும் இது போனது. ஆனால் குண்டும் குழியுமான நிலத்தில் அந்தச் சின்னச் சக்கரங்கள் திணறின. அதற்குள் பெரிய கிளைடர்கள் வந்துவிட்டன. ஜீப்பையே அவற்றில் ஏற்றி இறக்க முடிந்தது. ராயல் என்ஃபீல்டின் 125 சிசி வண்டியும் களத்துக்கு வந்திருந்தது. அதற்கு ‘ஃப்ளையிங் ஃப்ளீ’, பறக்கும் தெள்ளுப்பூச்சி, என்று பெயர் நிலைத்தது. ஊரை மறைத்துச் சொன்ன வெல்பைக்குக்கு எதிரே, கண்ணால் பார்த்ததை அப்படியே சொன்ன பெயர்.

போர் முடிந்தபின் டால்ஃபினின் மடக்கு வண்டி சந்தைக்கு வந்தபோது ‘வெல்’ உதிர்ந்துவிட்டது. சவுத்போர்ட்டின் பிராக்ஹவுஸ் நிறுவனம் செய்த அந்த வண்டியின் பெயர் ‘கார்கி’. கார்கி என்பது வேல்ஸ் நாட்டுக் குட்டைக்கால் நாய். வெல்ஷ் மொழியில் ‘கார்’ குள்ளம், ‘கி’ நாய். தனியே நிற்கும்போது அந்த நாய்ச்சொல் வல்லொலியில் தொடங்கும். இன்னொரு சொல்லோடு சேரும்போது மெலியும். புணர்ச்சி இலக்கணம் படித்த தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. அதே வண்டியை அமெரிக்காவில் ‘இந்தியன் பப்பூஸ்’ என்று விற்றார்கள். பப்பூஸ் என்பது நராகன்செட் பழங்குடியினர் மொழியில் குழந்தை. பட்டறையின் பெயர் தாங்கிய போர்க்கருவி, வாங்குபவர் கொஞ்சும் நாயாகவும் குழந்தையாகவும் மாறியது. வியாபாரத்துக்குப் பொருத்தமான மாற்றம்தான். ஆனால் அந்தப் பெயர்களிலிருந்து வண்டி பிறந்த இடத்தை இனி எவரும் தோண்டி எடுக்க முடியாது. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

ஆயுதம் வழியாக ஊர்ப்பெயர் வண்டிக்கு வந்த கதை நம் தெருவிலும் ஓடுகிறது. மிடில்செக்ஸின் என்ஃபீல்டில் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு 1890-களில் உதிரிபாகம் செய்துகொடுத்த ரெடிச் நிறுவனம் அந்த ஊர்ப்பெயரைத் தன் சைக்கிளுக்குச் சூட்டி, பிறகு ‘ராயல்’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. 1955-இல் அந்தப் பெயர் சென்னைக்கு வந்தது. இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு, 2024 நவம்பரில் மிலான் நகரில் தன் மின்சார மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியபோது, அதற்குச் சூட்டிய பெயர் ஃப்ளையிங் ஃப்ளீ.