கணினி வழி மருத்துவ முடிவு உதவியும் உங்கள் ஆலோசனை நேரமும்

மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவையில் மருத்துவ முடிவு உதவி மென்பொருள் இணைக்கப்பட்டுள்ளது. அது நோயாளியின் அறிகுறிகளை வரிசையாகக் கேட்டுப் பதிந்து, இருக்கக்கூடிய நோய்களை மருத்துவருக்குப் பட்டியலிட்டுக் காட்டுகிறது. முடிவெடுப்பவர் மருத்துவரே.

நேரம் குறையுமா, கூடுமா?

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவரின் சராசரி ஆலோசனை நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, இந்தியாவில் சுமார் 2 நிமிடம், சுவீடனில் 22.5 நிமிடம். விவரங்களைச் சுகாதாரப் பணியாளர் முன்னதாகவே பதிந்துவிட்டால், அந்தக் குறுகிய நேரம் பரிசோதனைக்கும் விளக்கத்திற்கும் பயன்படும். மருத்துவரே அனைத்தையும் பதிய நேர்ந்தால், உங்களுடன் பேசும் நேரம் குறையும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முதன்மையான தொந்தரவையும் அது தொடங்கிய நாளையும் முதலில் கூறுங்கள்.
• சித்த மருந்துகள் உட்பட, உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள்.
• தொழிலைத் தெரிவியுங்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் நாள்தோறும் எத்தனை மணி நேரம் தறியில் அமர்கிறார் என்பதை மென்பொருள் கேட்காமல் விடலாம். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் அத்தகவல் முக்கியமானது.
• கணினி கேட்கவில்லை என்பதற்காக எந்த அறிகுறியையும் சொல்லாமல் விடாதீர்கள்.
• மருந்தை எவ்வாறு உட்கொள்வது, மீண்டும் எப்போது வருவது என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே விடைபெறுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒருபக்கக் கை கால் செயலிழப்பு ஆகியவை ஏற்பட்டால் தொலைமருத்துவ ஆலோசனைக்காகக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.